கம்யூனிகேஷன் மைனர்: எடுக்கும்போதும் முடிக்கும்போதும் நடக்கும் தவறுகள்

பள்ளிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய பிள்ளையையும் கோயில் திருவிழாவில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்த பிள்ளையையும் பார்த்து, "உனக்குத்தான் நல்லா பேச வருதே, கம்யூனிகேஷன் எடு" என்று சொல்லாத மாமாவோ அத்தையோ நம் குடும்பங்களில் குறைவு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பினாங்கு மின்டன் வளாகத்துக்கோ கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கோ போய்ச் சேர்ந்த பிறகும், மைனரை (மேஜர் எனப்படும் முதன்மைப் படிப்போடு சேர்த்து எடுக்கும் துணைப் பாடத்தொகுப்பை) தேர்வு செய்யும் நேரத்தில் பலருடைய காதில் ஒலிப்பது இந்த ஒரு வாக்கியம்தான். பெரும்பாலான சிக்கல்கள் இதிலிருந்தே தொடங்குகின்றன.

பல்கலைக்கழகக் கம்யூனிகேஷனில் பேசுவது ஒரு சிறு பகுதி. படிப்பதும் எழுதுவதும் ஆராய்வதும்தான் அதிகம். ஒரு தகவல் சிலரிடம் எடுபட்டு வேறு சிலரிடம் ஏன் எடுபடவில்லை என்பதைக் கோட்பாட்டை வைத்து விளக்கச் சொல்வார்கள். கேள்விப்படிவம் தயாரிக்க வேண்டும், நேர்காணலை எழுத்தாக்க வேண்டும், ஆய்வு முடிவுகளை அட்டவணையாகப் போட வேண்டும். மின்னல் எஃப்எம், ராகா போன்ற தமிழ் வானொலிகளில் அறிவிப்பாளராகலாம் என்று கனவு கண்டு வந்தவருக்கு, ஆய்வு முறைகள் என்ற பாடம் முதல் அதிர்ச்சி. அறிவிப்பாளர் ஆசை தவறில்லை. ஆனால் அந்த வேலையில் முதலில் பார்ப்பது குரலையும் உச்சரிப்பையும் சமயோசிதத்தையும்தான். வளாக வானொலியிலோ நிகழ்ச்சி மேடையிலோ பழகினால் அந்த ஆசைக்கு மைனரைவிட நேரடியான பயன் கிடைக்கும்.

மைனர் என்பது மேஜரைச் சார்ந்து நிற்கும் படிப்பு. "என் மேஜருக்கு இது என்ன செய்யும்?" என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் வர வேண்டும். உயிரியல் படிக்கும் மாணவி கடலோர மாசு பற்றி மீனவர்களுக்குப் புரியும்படி சொல்லக் கற்றுக்கொள்கிறாள் என்றால் அது பதில். பொருளாதாரம் படிப்பவர் நிதிச் செய்தி எழுதப் போகிறார், இந்திய ஆய்வியல் படிப்பவர் தமிழ் மின்பதிப்பில் இறங்கப் போகிறார் என்றாலும் பதில்தான். "எல்லா வேலைக்கும் உதவும்" என்பது பதிலாகாது. அப்படிச் சொல்பவருக்கு இரண்டு விருப்பப் பாடங்களே போதும், முழு மைனர் தேவையில்லை.

பொறியியல், மருத்துவம், மருந்தியல் படிப்பவர்கள் மைனரைப் பற்றி ஆசைப்படுவதற்கு முன் தங்கள் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. தொழில்முறை அங்கீகாரத்துக்காக அந்தப் படிப்புகளில் இருக்கும் நேரமெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது

பாடத்தின் பெயரில் கம்யூனிகேஷன் என்று இருப்பதாலேயே அது கம்யூனிகேஷன் மைனரில் சேர்ந்துவிடாது. மொழி மையம் நடத்தும் ஆங்கிலப் பாடங்களில் 'தொழில்முறைத் தொடர்பு' போன்ற தலைப்புகள் உண்டு. அவை மொழித் தேவைக்கான பாடங்கள். எம்.பி.யூ எனப்படும் கட்டாயப் பொதுப் பாடங்களும் அப்படித்தான். தத்துவமும் நடப்பு விவகாரங்களும், நன்னெறியும் நாகரிகமும் என்று எல்லாரும் எடுத்தே ஆக வேண்டிய அந்தப் பாடங்கள் பட்டத்துக்குக் கணக்காகும், மைனருக்கு ஆகாது. மூன்றாம் ஆண்டில் வந்து, "அண்ணே, நான் நாலு பாடம் முடிச்சிட்டேன், ரெண்டுதானே கணக்குல வருதுங்கிறாங்க" என்று நிற்கும் தம்பிகள் உண்டு. பாடத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடக் குறியீட்டைப் பாருங்கள். குறியீட்டின் முதல் எழுத்துகளே அதை எந்தத் துறை நடத்துகிறது என்று காட்டிவிடும். மைனருக்கான பாடப்பட்டியலைத் துறை அலுவலகத்திலிருந்தே வாங்குங்கள், சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம். பட்டியல் உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு உரியதா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் பாடத்திட்டம் மாறும்போது பழைய மாணவருக்கு ஒரு பட்டியலும் புதியவருக்கு வேறு பட்டியலும் இருக்கும்.

உழைப்புக் கணக்கு

மலேசியத் தகுதி நிறுவனத்தின் அளவுகோலில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, அசைன்மென்ட், வீட்டில் படிக்கும் நேரம் எல்லாம் இதில் அடங்கும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம் ஆகிறது. 14 வாரச் செமஸ்டரில் பிரித்தால் வாரத்துக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல். ஆறு பாடங்கள் கொண்ட மைனர் என்றால் மொத்தம் 720 மணி நேரம். இளங்கலைப் பட்டத்துக்கான குறைந்தபட்சம் 120 கிரெடிட், அதில் 18 கிரெடிட்டை இந்த மைனர் எடுத்துக்கொள்கிறது. "சும்மா சைடுல எடுத்து வச்சுக்கலாம்" என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தயாரிப்புப் பாடங்கள் இதைவிடக் கூடுதல் நேரம் கேட்கும். காணொளி, ஒலி, செய்தித் தொகுப்பு எல்லாம் குழு வேலை. நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைப்பது இரவில்தான், எடிட்டிங்கும் இரவில்தான் நடக்கும். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்து வளாகம் வரும் மாணவர் தினமும் அதில் கலந்துகொள்ள முடியுமா? கிள்ளானிலிருந்து தினமும் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கும் பந்தாய் வரை வந்து, சனி ஞாயிறில் பகுதிநேர வேலையும் செய்பவருக்கு முடியுமா? முடியாதென்றால் ஆய்வு, பொதுத்தொடர்பு, ஊடகச் சட்டம் என்று எழுத்து சார்ந்த பாடங்களாகத் திட்டமிடலாம். குழுவுக்குள் போய்விட்டு, பிறகு தொகுப்பு வேலையில் பங்கெடுக்காமல் நழுவினால் மதிப்பெண் எல்லாருக்கும் குறையும். அடுத்த குழுவில் உங்களைச் சேர்த்துக்கொள்ளவும் தயங்குவார்கள்.

வரிசையும் முக்கியம். அறிமுகப் பாடம் முடித்தால்தான் ஆய்வு முறைகள் எடுக்க முடியும், அதன் பிறகுதான் மேல்நிலைப் பாடம் என்று சங்கிலி இருக்கும். சில பாடங்கள் ஆண்டில் ஒரு செமஸ்டரில் மட்டும் நடக்கும். ஒரு கண்ணியைத் தவறவிட்டால் ஓராண்டு தள்ளிப்போகும். இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்கு முன்பே எல்லாச் செமஸ்டருக்கும் ஒரே தாளில் மேஜர், மைனர் இரண்டையும் எழுதிப் பார்த்துவிடுங்கள். இன்டர்ன்ஷிப் வரும் செமஸ்டரைக் காலியாக விடுங்கள்.

கடைசி ஆண்டில் மைனருக்காகக் கூடுதல் செமஸ்டர் போவது பெரும்பாலும் தேவையற்ற செலவு. பி.டி.பி.டி.என் எனப்படும் அரசு உயர்கல்விக் கடன் படிப்புக் காலத்தைக் கணக்கிட்டுத்தான் கொடுக்கப்படுகிறது. முதல் வகுப்புப் பட்டத்துக்கு, நிபந்தனைகளோடு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கவும் வழி உண்டு. மைனர் பாடத்தில் ஒரு சி வந்து மொத்தப் புள்ளியை இழுத்துவிட்டால் அந்த வாய்ப்பும் நழுவும். மேஜர் நன்றாகப் போகவில்லை என்றால் மைனரை விட்டுவிடுவது அவமானம் அல்ல. அந்தப் பாடங்களை விருப்பப் பாடமாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

தவிர்க்கக் கூடாத ஒரு பாடம்

வறட்சியாக இருக்கிறது என்று எல்லாரும் ஒதுக்குவது ஊடகச் சட்டம். என்னைக் கேட்டால் அதுதான் இந்த மைனரிலேயே அதிகம் பயன்தரும் பாடம். நாளைக்கு நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தையோ டிக்டாக் கணக்கையோ உங்கள் கையில்தான் கொடுக்கப் போகிறார்கள். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, பொய்யான, ஆபாசமான, மிரட்டும் பதிவுகளைப் பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு பரப்புவதைக் குற்றமாக்குகிறது. 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கில் திரட்டும் வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்கிறது. நாளிதழ் அச்சடிக்க வேண்டுமானால் 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டம் குறுக்கே வரும். அலுவலகத்தில் சங்கடம் வந்த பிறகு இவற்றைத் தேடிப் படிப்பதைவிட வகுப்பிலேயே படித்து வைப்பது மலிவு.

நாளிதழ்ப் பிரிவை மட்டும் நம்புவதும் யோசிக்க வேண்டிய விஷயம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. மக்கள் ஓசை போன்ற இதழ்களில் எழுத நினைப்பவர்கள் இருக்கட்டும், அவர்கள் நமக்குத் தேவை. ஆனால் செய்தி எழுத்தோடு காணொளியோ தரவுச் செய்தியோ ஒன்றையும் சேர்த்துக் கற்காமல் வெளியே வருவது ஆபத்து.

மொழியில் இன்னொரு தவறு நடக்கிறது. பொதுப் பல்கலைக்கழகங்களில் பல விரிவுரைகள் மலாயில் இருக்கும், வாசிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் மலாய் அசைன்மென்டுக்குப் பயந்து தயாரிப்புப் பாடங்களுக்கு ஓடிவிடுகிறார்கள். மூன்று மொழியிலும் ஒரே செய்திக் குறிப்பை எழுதிப் பழகியவர்களைப் பொதுத்தொடர்பு நிறுவனங்கள் தேடுகின்றன. அந்தப் பயம் கொண்டவர்கள்தான் மலாயில் எழுதவைக்கும் வகுப்பில் உட்கார வேண்டும். செய்த வேலைகளையெல்லாம் தேதியுடன் ஒரே கோப்புறையில் சேர்த்து வையுங்கள். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் புரட்டுவார்கள்.

பாடங்களை முடித்துவிட்டால் மைனர் தானாகப் பட்டத்தில் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் மைனரை முறைப்படி அறிவித்துப் பதிவுசெய்திருக்க வேண்டும். தனியார் கல்லூரிகளில் மைனர் என்று விளம்பரத்தில் இருந்தாலும் டிரான்ஸ்கிரிப்டில் அச்சாகுமா என்று சேர்வதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். பட்டமளிப்புக்கு விண்ணப்பிக்கும் செமஸ்டருக்கு முந்தின செமஸ்டரிலேயே பதிவாளர் அலுவலகத்தில் கணக்கைச் சரிபார்த்துவிடுங்கள். ஒரு பாடம் குறைந்தால் அதை எடுக்க இன்னும் ஒரு செமஸ்டர் கையில் இருக்கும்.