மேக்னட் நட்டைக் கழற்ற ஒரு முழம் கயிறு

பழைய டிவிஎஸ் 50 எஞ்சினைப் பிரிக்கும்போது மேக்னட்டை, அதாவது கிராங்க் தண்டின் நுனியில் சுற்றும் காந்தச் சக்கரத்தை, பிடித்து நிறுத்த டூல் இல்லையா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணியுங்கள். ஸ்பேனரைத் திருப்பினால் பிஸ்டன் மேலேறி, கயிற்றை ஹெட்டோடு நசுக்கி நின்றுவிடும். கிராங்க் அசையாது, நட்டு இளகும். மெத்தென்ற கயிறு என்பதால் பிஸ்டன் தலையில் கீறல் விழாது. மேக்னட் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி நெம்பினால் கெட்டுப்போவது உள்ளிருக்கும் கம்பிச் சுருள் (காயில்)தான்.

ஒன்றில் மட்டும் கவனம். டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரிலேயே போர்ட், அதாவது காற்றும் புகையும் போய்வரும் துளை, இருக்கிறது. கயிறு அதற்குள் நுழைந்தால் பிஸ்டன் விளிம்பில் சிக்கி அறுந்துவிடும். அதனால் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, நட்டு கழலும் பக்கமாகவே மேக்னட்டைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளத் தொடங்கினால் போர்ட் மூடிவிட்டது, அப்போது கயிற்றை உள்ளே விடுங்கள். வெளி நுனியில் முடிச்சு அவசியம். நூல் பிரியும் பருத்திக் கயிறு வேண்டாம்.

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடில் ஏற்கெனவே ஆட்டம் இருந்தால் இந்த வழி சரிப்படாது; முழு அழுத்தமும் அங்கேதான் இறங்கும். நட்டு வந்தாலும் மேக்னட், தண்டின் கூம்பான பகுதியில் (டேப்பரில்) இறுகியிருக்கும், அதை இழுத்துக் கழற்றப் புல்லர் என்ற டூல்தான்.