இலக்கத்தை எண்ணிக் கணக்கைச் சோதிக்கும் முறை

ஒரு நிறுவனத்தின் ஓராண்டுக் கொடுப்பனவுகளில் 1 இல் தொடங்கும் தொகைகள் பெரும்பாலும் 30.1 வீதத்துக்குக் கிட்ட நிற்கும். 2 இல் தொடங்குபவை 17.6, 3 இல் 12.5 என்று இறங்கி, 9 இல் தொடங்குபவை 4.6 வீதந்தான். 1881 இல் வானியலாளர் நியூகோம் கவனித்ததை 1938 இல் இயற்பியலாளர் பென்ஃபோர்ட் பல வகைத் தரவுகளில் எண்ணிக் காட்டினார். மனதில் புனைந்து எழுதிய தொகைகள் இந்தப் பரவலுக்கு அமைவது அரிது.

யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கோ கஸ்தூரியார் வீதிக் கடைக்கோ கணக்குப் பார்ப்பவருக்கு எக்செல் போதும். ஏப்ரல் முதல் மார்ச் வரையான கொடுப்பனவுகளை ஒரே நிரலில் இடுங்கள். சம்பளம், வாடகை, சேமலாப நிதி, கடன் தவணை போன்ற நிலையான தொகைகளையும் 10 ரூபாவுக்குக் குறைந்தவற்றையும் நீக்குங்கள். நீக்காவிட்டால் மாதாமாதம் வரும் ஒரே வாடகையே பொய்யான மேடு, அதாவது எதிர்பார்த்ததைவிட மிகுந்த எண்ணிக்கை, காட்டும். பிறகு ‘லெஃப்ட்’ (LEFT) சூத்திரத்தால் முதல் இரண்டு இலக்கங்களைப் பிரித்து எண்ணுங்கள். முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தால் உண்மையான மேடு அதற்குள் அமுங்கிப்போகும்.

முகாமையாளர் தனிக் கையெழுத்தில் 50,000 ரூபாவுக்குள் கொடுக்கலாம் என்று வைப்போம். இதே பரவலின்படி 3,000 கொடுப்பனவுகளில் 49 இல் தொடங்குபவை 26 அளவில் இருக்க வேண்டும். 71 வந்தால் அவற்றை வடிகட்டி, பெறுநர், திகதி வாரியாக அடுக்குங்கள். ஒரே வழங்குநருக்கு ஒரே நாளில் 49,200, 49,650 என்றிருந்தால், ஒரு பில்லை இரண்டாக உடைத்தார்களா என்று வவுச்சரையும் பொருள் பெற்ற பதிவையும் எடுத்துப் பாருங்கள். 4,950 ரூபா விலையுள்ள பொருளை அடிக்கடி வாங்கினாலும் இதே மேடு வரும். ஆகவே வவுச்சரைத் திறக்குமுன் எவரையும் குற்றஞ்சாட்டக் கூடாது.

மொத்த விலகலை அளக்க, 10 முதல் 99 வரை எதிர்பார்த்த பங்குக்கும் வந்த பங்குக்கும் உள்ள வித்தியாசங்களைக் கூடுதல், குறைவு என்ற குறி பாராமல் எடுத்து அவற்றின் சராசரியைக் காணுங்கள். இந்தச் சோதனையைக் கணக்காய்வுக்குப் பழக்கிய ஆய்வாளர் நிக்ரினியின் அளவுகோலில் 0.0022 ஐத் தாண்டினால் பொருந்தவில்லை என்று பொருள். ஆனால் ஆயிரம் வரிகளே இருந்தால் நேர்மையான கணக்குகூடத் தற்செயலாக அதைத் தாண்டும். அப்போது முதல் இலக்கச் சோதனையோடு நில்லுங்கள், எல்லை 0.015.

வெளியிடப்பட்ட ஆண்டறிக்கையில் எண்கள் குறைவு. கூட்டுத்தொகைகளையும், குழுமம், கம்பனி என இருமுறை வரும் எண்களையும் கழித்தால் இன்னும் குறையும். அங்கே இலாபத்தின் இரண்டாம் இலக்கமே பயன்படும். 0 சுமார் 12 வீதமும் 9 சுமார் 8.5 வீதமும் வர வேண்டும். நியூசிலாந்துக் கம்பனிகளில் 0 மிகுந்தும் 9 குறைந்தும் இருப்பதை 1988 இல் ஆய்வாளர் கார்ஸ்லோ காட்டினார். 198 மில்லியனை 201 ஆக்கும் ஆசை அது. ஒரு கம்பனியின் பத்தாண்டு இதற்குப் போதாது, கொழும்புப் பங்குச் சந்தையில் பல கம்பனிகளைச் சேர்த்தே எண்ண வேண்டும். இலாபம் 200 மில்லியன் போன்ற முழுத் தொகையை மயிரிழையில் தாண்டிய ஆண்டுகளில் தேய்மானமும் அறவிடமுடியாக் கடன் ஏற்பாடும் முந்திய ஆண்டைவிட ஏன் குறைந்தன என்று குறிப்புகளில் தேடுங்கள்.