பெல்ட் விளிம்பைத் தொடுகிறதா? ஸ்கூட்டர் வேரியேட்டரில் உச்ச வேகம் கூட்டும் வழி

வேரியேட்டர் என்பது ஸ்கூட்டரின் கியரைத் தானாக மாற்றும் முன் புல்லி, அதனுள் ஓடும் சிறு எடைகள்தான் ரோலர்கள். உச்ச வேகம் கூட வேண்டுமென்று ஒரு செட் ரோலர் வாங்கிப் போட்டு, பழையதே தேவலை என்று ஒரே வாரத்தில் திரும்ப மாட்டுபவர்கள் அதிகம். எது வேகத்தைத் தடுக்கிறது என்று பார்க்காமல் சாமானை மாற்றுவதால் வரும் வினை இது. முதலில் கண்டுபிடிக்க வேண்டியது இரண்டே விஷயம்: முன் புல்லியில் பெல்ட் எவ்வளவு உயரம் ஏறுகிறது? அப்போது இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சுற்றுகிறது?

ரோலரின் கனம் உச்ச கியரைத் தீர்மானிப்பதில்லை. எந்த ஆர்பிஎம்மில் கியர் ஏற வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. கிராங்க் வேகம் கூடக்கூட ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடி அசையும் தட்டைத் தள்ளும், தட்டுகள் நெருங்கும், நடுவில் இருக்கும் பெல்ட் மேலேறும். பின்புல்லியில் இருக்கும் கான்ட்ரா ஸ்பிரிங் அதை எதிர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். ரோலர் லேசானால் இன்ஜின் அதிக ஆர்பிஎம்மில் நிற்கும், கனமானால் ஆர்பிஎம் இறங்கும்.

சோதனைக்கு ஒரு மார்க்கர் பேனா போதும். கவரைக் கழற்றி, புல்லித் தட்டுகளை பிரேக் கிளீனரால் துடைத்து, முன் புல்லியின் உள்முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு போடுங்கள். கவரை மூடி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நொடிகள் மட்டும் முழு த்ராட்டில் கொடுங்கள். பின்சக்கரத்தின் அருகே கையோ துணியோ போகக் கூடாது. பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை மை அழிந்திருக்கும். இது சுமை இல்லாத நிலை, அதாவது பெல்ட்டால் அதிகபட்சம் எவ்வளவு உயரம் ஏற முடியும் என்ற எல்லை. அடுத்து புதிதாகக் கோடு போட்டு, டைனோவில் (வண்டியை நிறுத்தியபடியே சுமை கொடுத்து ஓட்டிச் சக்தியை அளக்கும் உருளை மேடை) ஏற்றி முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். நம் சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 70 முதல் 90 கிலோமீட்டர்தான், அங்கே இந்தச் சோதனைக்கு இடமில்லை. வண்டியில் டாக்கோமீட்டர் இல்லையென்றால் பிளக் ஒயரில் சுற்றும் சிறிய மீட்டர் உதவும். சாலையில் வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், ஸ்கூட்டர் மீட்டர் பொதுவாகக் கூட்டியே காட்டும்.

இனி முடிவைப் படிப்பது. உங்கள் இன்ஜின் உச்ச சக்தி தரும் ஆர்பிஎம் கையேட்டில் இருக்கும். யமஹா என்மேக்ஸ் 155-இல் அது 8,000. சுமையில் பெல்ட் விளிம்புக்கு வராமல், ஆர்பிஎம் அந்த எண்ணைத் தாண்டி நின்றால் ரோலர் லேசு. கனம் கூட்டினால் வேகம் கிடைக்கும். பெல்ட் விளிம்புக்கு வராமல் ஆர்பிஎம்மும் குறைவாக இருந்தால், பலரும் நினைப்பதற்கு நேர் எதிராக, ரோலரை லேசாக்கினால்தான் வேகம் கூடும். பெல்ட் விளிம்பைத் தொட்டு ஆர்பிஎம்மும் உச்சத்தைத் தாண்டினால் ரோலரில் இனி ஒன்றுமில்லை, பின் கியர்பாக்ஸில் பல் விகிதம் மாற்ற வேண்டும். பெல்ட் விளிம்பைத் தொட்டும் ஆர்பிஎம் எட்டவில்லை என்றால் குறை வேரியேட்டரில் இல்லை. இன்ஜினுக்குச் சக்தி போதவில்லை. ஏர் ஃபில்டர், டயர் காற்று, கம்ப்ரஷன் இவற்றைப் பாருங்கள். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுகிறது. 10 சதவீதம் கூடுதல் வேகத்துக்கு ஏறத்தாழ 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். வேரியேட்டர் சக்தியை உண்டாக்காது, இருப்பதை வீணாக்காமல் தரும், அவ்வளவே.

ரோலர் வாங்குமுன் பெல்ட்டின் அகலத்தை வெர்னியரால் அளந்து கையேட்டின் தேய்மான எல்லையோடு ஒப்பிடுங்கள். தேய்ந்து குறுகிய பெல்ட் முன்புல்லியில் தாழ்வாகவே ஓடும். நாள் முழுக்க உணவு டெலிவரிக்கு ஓடும் வண்டிகளில், புது பெல்ட் போட்டதுமே போன வேகம் திரும்பி வருவதுண்டு. பழைய ரோலரில் தட்டையான தேய்மானம் இருந்தால், அது அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும், பாதையின் கடைசி வரை ஓடாது.

எடை மாற்றும்போது ஒரு ரோலருக்கு அரை கிராம் அல்லது 1 கிராம் மட்டும் மாற்றுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். ஆறு ரோலர் உள்ள வேரியேட்டரில் 12, 13 கிராம் கலந்து போட விரும்பினால் மூன்றுக்கு மூன்றாக, ஒன்று விட்டு ஒன்று அடுக்க வேண்டும். டாக்டர் புல்லி போன்ற சறுக்கும் வகை ரோலர்களுக்குத் திசை உண்டு. தப்பாக வைத்தால் பாதையே கெடும்.

சுமையில்லாத சோதனையிலேயே பெல்ட் விளிம்புக்கு 1, 2 மில்லிமீட்டர் கீழே நின்றால் நடுப் புஷ்ஷை (வேரியேட்டரின் நடுவில் கிராங்கின் மேல் ஏறும் குழாயை) நீளத்தில் சுருக்கலாம். ஒரு தடவைக்கு 0.3 மில்லிமீட்டர் மட்டும், லேத்தில், முகம் செங்குத்தாக இருக்கும்படி. கையால் ராவினால் முன்தட்டு (முன் புல்லியின் அசையாத வெளித்தட்டு) ஆடும். உதிரிப் புஷ் ஒன்றில் செய்யுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. இதற்கு விலையும் உண்டு: கிளம்பும்போது கியர் உயரமாகும், மேம்பாலம் ஏறும் இழுவை குறையும். பெல்ட் விளிம்பைத் தாண்டி வெளியே வரவே கூடாது.

பூட்டும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. பெல்ட் முன்புல்லியில் இறுக்கமாக இருக்கும்போதே அந்தப் புல்லியின் நட்டை முடுக்கினால், முன்தட்டு புஷ்ஷில் போய் உட்காராமல் பெல்ட்டின் மேல் தாங்கி நிற்கும். நட்டு இறுகியதுபோலவே கைக்குத் தெரியும். வண்டி ஓடத் தொடங்கியதும் பெல்ட் இடம் மாறும், நட்டு தளரும், கிராங்கின் பல்வரிசை மழுங்கும். கிராங்கையே மாற்றும் செலவு அது. எனவே பின்புல்லியின் தட்டுகளைக் கையால் விரித்து, பெல்ட்டை அதன் அடிவரை அழுத்துங்கள். முன்னால் பெல்ட் தொங்கலாக ஆட வேண்டும். நட்டை விரலால் கடைசி வரை சுற்றி, தட்டைத் திருகிப் பாருங்கள்: பெல்ட் கூடவே வராமல் தட்டு மட்டும் சுற்றினால் சரி. பிறகு தட்டைப் பிடிக்கும் கருவியால் பிடித்து, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையைக் காட்டும் ஸ்பானர்) முடுக்கி, நட்டின் மேல் ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். முன்தட்டின் விசிறி இறகுக்குள் ஸ்க்ரூடிரைவர் செருகிப் பிடித்தால் இறகு உடையும்.

புல்லி முகத்தில் கிரீஸ் பட்டால் பெல்ட் வழுக்கிக் கருகும். கடினமான கான்ட்ரா ஸ்பிரிங் ‘ரேசிங்’ என்ற பெயரில் விற்கிறது. அது பெல்ட் மேலேறுவதை எதிர்க்கும், சூட்டையும் கூட்டும். உச்ச வேகம் தேடுபவருக்கு ஒரிஜினல் ஸ்பிரிங்கே நல்லது.

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை ஒப்புதல் தேவையற்றவை, ஒப்புதல் தேவையானவை, அனுமதிக்கப்படாதவை எனப் பிரிக்கிறது. உங்கள் மாற்றம் எதில் அடங்கும் என்று சாமான் வாங்குமுன் பாருங்கள், காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லுங்கள். காக்கி புக்கிட்டிலோ ஊபியிலோ பட்டறையில் கொடுத்துச் செய்தாலும் கழற்றிய ரோலர்களையும் புஷ்ஷையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் கவரை மறுபடி திறந்து பாருங்கள். கறுப்புத் தூள் குவிந்திருந்தால் பெல்ட் எங்கோ உரசுகிறது. கிளட்ச் பெல் (பின்புல்லியின் மேலிருக்கும் கிளட்ச் மூடி) நீலம் பாய்ந்திருந்தால் சூடு அதிகம். நட்டின் மேல் போட்ட பெயிண்ட் கோடு நகர்ந்திருந்தால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு முழுவதும் பிரித்துப் பாருங்கள்.