உள்தகடு காட்டிய காலணி அளவு
புதிய காலணியுடன் சற்று நடந்தாலே மகளின் இடது கால் இரண்டாம் விரல்நுனி சிவந்துவிடும். தடித்த காலுறை இடத்தைக் குறைத்தது. குதிகாலில் வைத்த பஞ்சுத் திண்டு பாதத்தை இன்னும் முன்னே தள்ளியது. ஓர் அளவு பெரிய காலணியிலோ, பிடிப்பில்லாமல் பாதம் சரிந்து விரல் மீண்டும் முட்டியது. முனையை மேலிருந்து அழுத்திப் பார்த்தால் இடம் இருப்பதாகவே தோன்றும். ஏனெனில், அழுத்தியவுடன் அவள் விரல்களை மடக்கிக்கொள்வாள்.

விடை கிடைத்தது, காலணிக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்தகட்டை உருவித் தரையில் வைத்து, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், குதிகாலை அதன் பின்விளிம்போடு ஒட்டி அவளை நிற்கவைத்தபோதுதான். இடது காலில் இரண்டாம் விரல் பெருவிரலையும் தாண்டி விளிம்பைத் தொட்டது. கடையில் அளந்ததோ வலது காலை மட்டும். அந்த நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் 12 மில்லிமீட்டர் இடம் விட்டு, புறங்காலை இறுக்கிப் பிடிக்கும் வார் வைத்த காலணி வாங்கியபின் சிவப்பு வரவில்லை. கால் வளர்ந்துகொண்டே இருப்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை உள்தகட்டை உருவிப் பார்க்கிறேன்.