95 டிகிரியைப் பார்த்துப் பதறுவதற்கு முன்

"கேம் ஆடும்போது 85 டிகிரி காட்டுகிறது, ப்ராசசர் போய்விடுமா?" பலரும் கேட்கும் கேள்வி. எல்லா ப்ராசசருக்கும் ஒரே வரம்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. இன்டெல் கோர் ஐ9 13900கே 100 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸுக்கு 95, அதே தலைமுறையின் 7800எக்ஸ்3டிக்கு 89 தான். 7950எக்ஸ் முழு வேலையில் 95-ஐத் தொட்டு அங்கேயே நிற்பது கோளாறே இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

வரம்பைத் தொட்டதும் சிப் கருகிவிடாது. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடும். அதனால் டிகிரியை மட்டும் பார்த்துப் பயனில்லை. பக்கத்தில் ப்ராசசரின் வேகம், அதாவது கிகாஹெர்ட்ஸ், எவ்வளவு என்றும் பாருங்கள். வேலை நடக்கும்போதே வேகம் அந்த ப்ராசசருக்குத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் அடிப்படை அளவுக்கு (பேஸ் கிளாக்) கீழே சரிந்தால் கவலைப்படலாம். ஒரு நொடி எகிறி இறங்கும் எண்ணை விட்டுவிடுங்கள், அரை மணி நேரம் ஓடியபின் நிலைத்து நிற்பதுதான் கணக்கு.

சும்மா இருக்கும்போதே 80 காட்டுகிறதா? பின்னணியில் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ப்ராசசர்மேல் மாட்டி அதன் சூட்டை வெளியேற்றும் கூலர் சரியாக உட்காராமல் இருக்கலாம். புது கூலரின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டிவிட்டு, நான் ஒரு சாயங்காலம் முழுக்க பயாஸ் செட்டிங்கைக் குடைந்துகொண்டிருந்தேன். கழற்றிப் பார்த்தால், சூட்டைக் கடத்த ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் அந்தத் தாளின் மேல் அப்பியிருக்கிறது! அப்புறம், கூலரை ஒருமுறை கழற்றினால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். பழையதன் மேலேயே அமுக்கினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும், சூடு கூலருக்குப் போய்ச் சேராது.

தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்தால் அடிப்பக்கக் காற்றுத்துளைகள் அடைபடும், அது தெரிந்ததுதானே.

இன்னொன்று, அறைச் சூட்டை மறந்துவிட்டு ஒப்பிடுவது. சாதாரண கூலர் எதுவும் ப்ராசசரை அறையைவிடக் குளிர்ச்சியாக்காது. அறை 10 டிகிரி ஏறினால், அதே வேலைக்கு ப்ராசசரும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். குளிர்காலத்தில் எடுத்த எண்ணைக் கோடையில் எதிர்பார்த்து, நன்றாக இருக்கும் கூலரை மாற்றியவர்கள் உண்டு.