பொலிரோவில் ரயில் ஹாரன்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பொலிரோவில் பழைய ஓனர் ரயில் ஹாரன் மாட்டி வைத்திருந்தார், அமுக்கினால் சென்னை கத்திப்பாராவில் பைக் ஓட்டுகிறவர்கள் பதறுவார்கள், எனக்கே கூச்சமாக இருக்கும். ஃப்யூஸும் அடிக்கடி போனது. பானட்டைத் திறந்தால் ரிலேவே (ஸ்விட்சின் சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் பண்ணும் பாகம்) இல்லை, ஹாரனுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸருக்கான மொத்தக் கரண்டும் மெல்லிய ஹாரன் ஒயர் வழியாகவே போய் இன்சுலேஷன் உருகியிருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 119-ன்படி இந்த மாதிரி காதைக் கிழிக்கிற ஹாரனே கூடாது, அதனால் காற்று டேங்க், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். ஜி.பி. ரோட்டில் சாதாரண 12 வோல்ட் ஹாரன் ஜோடியும் நாலு பின் ரிலேவும் வாங்கினேன். ரிலேயில் 30-ம் நம்பர் பின்னுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக லைன், 87 ஹாரனுக்கு, 86-ல் பழைய ஸ்விட்ச் ஒயர், 85 எர்த், அதாவது வண்டியின் பாடிக்கு. அப்புறம், எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தம் தொண்டை கட்டின மாதிரிதான் வரும்.