தகிட, தகதிமி: சின்னப் பிள்ளைகளோடு தாளம் பழகுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு ஆட்டம் பழக்குவது என்றால் மேடைதான் முதலில் மனதில் வரும். முன்பள்ளி ஆண்டு விழா, ஒரேமாதிரி உடுப்பு, முன்வரிசையில் நன்றாக ஆடும் மூன்று பேர், பின்வரிசையில் அவர்களைப் பார்த்துப் பார்த்து அசையும் மிச்சப்பேர். இங்கே சொல்லப்போவது வேறு: பார்க்க ஆளில்லாமல், எல்லாரும் ஒரே அடியில் கையும் காலும் போடுவது. எண்ணவும், எழுத்தின் நீட்சியைக் காதால் பிரிக்கவும், பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து போகவும் இது பிள்ளைக்கு உதவும். மூன்று வயது தொடக்கம் தரம் 5 வரை செய்யலாம். நீங்கள் நடனமோ சங்கீதமோ படித்திருக்கத் தேவையில்லை. நாலு வரை பிசகாமல் எண்ண முடிந்தால் காணும்.

ஒரு வட்டத்துக்கு 10 முதல் 14 பிள்ளைகள், நேரம் 20 நிமிடம். மூன்று நாலு வயதுக்காரருக்கு 12 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். வெயில் ஏற முன்னம், சீமெந்து விறாந்தையில் அல்லது கதிரை மேசையை ஓரமாக்கிய வகுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்து மணலில் விழுந்தால் நோகாது, உண்மைதான். ஆனால் மணலில் காலடி கேட்காது. தன் காலடி தனக்குக் கேட்டால்தான் பிள்ளை தான் முந்தியதையும் பிந்தியதையும் அறிந்து திருத்தும். சீமெந்துத் தரையில் வெறுங்கால் நல்லது. குதிகாலால் ஓங்கி உதைக்க விடாதீர்கள், முழுப் பாதமும் ஒன்றாகப் படட்டும்.

வேகம்

பெரும்பாலான வகுப்புகள் பிசகுவது இங்கேதான். சின்னப் பிள்ளைதானே, மெதுவாகத் தட்டினால் பிடித்துவிடும் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். நடப்பது எதிர்மாறு. அடிக்கும் அடிக்கும் இடையில் வெளி கூடக்கூட, அந்த வெளியைத் தாங்கிப் பொறுத்திருக்கச் சின்னப் பிள்ளையால் முடியாது, முந்திக்கொண்டு தட்டிவிடும். பெரியவர் ஒருவர் சும்மா இருந்து மேசையில் தட்டினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி வரும். நாலு வயதுப் பிள்ளை 140, 150இல் தட்டும்.

ஆகவே வேகத்தைப் பிள்ளையிடம் இருந்து எடுங்கள். வட்டத்தில் விருப்பப்படி நடக்கவிடுங்கள். நடுவில் நடக்கும் ஒரு பிள்ளையின் காலடியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் அன்றைய வேகம் கிடைக்கும். அந்த நடைக்கு நீங்கள் கை தட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் மற்றவர்களும் அதற்கு வந்துவிடுவார்கள். கைத்தொலைபேசியில் தாளம் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பது சரிவராது: சின்னப் பிள்ளைகள் பொறியைவிட முன்னால் இருந்து தட்டும் மனிசரோடுதான் நன்றாக ஒட்டுவார்கள், அதோடு கைத்தொலைபேசி அவர்களுக்காகக் காத்திராது. மெதுவான தாளம் பிறகு பழக வேண்டிய பாடம். அப்போது வெளியை வாயால் நிரப்பச் சொல்லுங்கள். ஒரு தட்டு, வாயில் 'தகதிமி' முழுவதும், அடுத்த தட்டு.

ஒரு வகுப்பு எப்படிப் போகும்

"எல்லாரும் வட்டமாக வாங்கோ" என்று கூப்பிடாமல் நீங்களே நிலத்தில் இருந்து தொடையில் தட்டத் தொடங்குங்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து இருப்பார்கள். வராத பிள்ளையை விடுங்கள், அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

முதலில் பெயர்ச் சுற்று. நாலு அடி கொண்டது ஒரு சுற்று: முதல் இரண்டு அடிக்குள் பிள்ளை தன் பெயரைச் சொல்லும், அடுத்த இரண்டில் எல்லாரும் அதைத் திருப்பிச் சொல்வார்கள். 'க-வின்' அடிக்கு ஒன்றாக விழும். 'அபி-ராமி' அடிக்கு இரண்டாக விழும். நீண்ட பெயரும் அதே இரண்டு அடிக்குள் அடங்கவேண்டும், இதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. ஒரு பிள்ளை வாய் திறக்காவிட்டால் அந்த இரண்டு அடியையும் எல்லாரும் கைதட்டி நிரப்பிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். நின்று, "சொல்லுங்கோ குஞ்சு, பயப்படாதேங்கோ" என்று கெஞ்சினால் தாளமும் உடையும், பிள்ளையும் இன்னும் ஒடுங்கும். பேசாத பிள்ளைக்கும் தாளத்தில் தன் இடம் இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

அடுத்தது எதிரொலி. நீங்கள் நாலு அடிக்கு ஒரு சொற்கட்டு (தாளத்தை வாயால் சொல்லும் ஒலித்தொடர்), அவர்கள் நாலு அடிக்கு அதே சொற்கட்டு. நாலு ஒலிக்குத் 'தகதிமி', மூன்றுக்குத் 'தகிட'. ஐந்துக்குத் 'தகதகிட', ஏழுக்குத் 'தகிடதகதிமி'. இவை இரண்டையும் ஏழு வயதுக்கு முன் தொட வேண்டாம். முதலில் வாய், பிறகு கை, கடைசியாகக் கால். வாயில் நிற்காத சொற்கட்டு காலில் நிற்கவே நிற்காது. 'தகிட' பிள்ளைகளுக்குப் புதிது போலத் தோன்றினாலும் உடம்புக்குப் பழக்கமானதுதான். கோயில் திருவிழாவில் பார்த்த காவடி ஆட்டத்தின் நடை பெரும்பாலும் மூன்றில்தான் போகும். தோளில் கை வைத்துக் காவடி தூக்குவது போல ஆடச் சொன்னால் கால் தானாக மூன்றுக்கு வரும்.

பிறகு நடையும் நிறுத்தமும்: நீங்கள் தட்டும்வரை நடப்பது, தட்டு நின்றதும் சிலை. எழுத்து வேலைக்கு அமர மாட்டாத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தட்டு நின்ற பிறகு ஒரு அடி கூட வைக்காமல் நிற்பது தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் வேலை. ஏறத்தாழ 30 விநாடிக்கு ஒருமுறை நிறுத்துங்கள், ஆனால் ஒரே இடைவெளியில் நிறுத்தாதீர்கள், ஊகித்துவிடுவார்கள்.

முடிக்கும்போது வேகத்தை 140இலிருந்து 80க்கு இறக்கி, கைதட்டைத் தொடைத்தட்டாக்கி, அதை விரல்நுனித் தட்டாக்கி நிறுத்துங்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த பாடத்துக்கு வரும் ரீச்சர் உங்களை ஏசுவா.

கணக்குக்கு

12 பேரை வட்டமாக நிறுத்தி 1, 2, 3 என்று ஆளுக்கொரு எண் சொல்லிப் போகவிடுங்கள். ஒவ்வொரு மூன்றாமவரும் காலால் தட்டவேண்டும். சுற்றை நிறுத்தாமல் 13, 14 என்று தொடர்ந்தாலும் அதே நாலு பேர்தான் திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். மற்ற எட்டுப் பேரும் "எங்களுக்கு வரேல்லை" என்று முறையிடுவார்கள். முறையிடட்டும். இப்போது ஐந்துக்கு மாற்றுங்கள். 5, 10, பிறகு மூன்றாமவர், எட்டாமவர் என்று பாய்ந்து, 60 வரும்போது 12 பேரும் ஆளுக்கு ஒருமுறை தட்டி முடித்திருப்பார்கள். ஏன் மூன்றில் சிலருக்கு மட்டும், ஐந்தில் எல்லாருக்கும்? தரம் 4, 5 பிள்ளைகள் இதை அடுத்த நாள்வரை வாதாடுவார்கள். விடையை நீங்கள் சொல்லவேண்டாம்.

வாய்ப்பாட்டுக்கு இன்னொன்று: ஒரு குழு 'தகிட' நாலு தடவை, மறு குழு 'தகதிமி' மூன்று தடவை, இரண்டும் 12 அட்சரம், அதாவது 12 ஒலி. ஒன்றாகத் தொடங்கினால் ஒன்றாகத்தான் முடியவேண்டும். முடியாது, முதல் நாள். தகிடக்காரர் ஓடிவிடுவார்கள், அடிக்கடி முதலெழுத்துக்கு வருவதால் உசார் கூடிவிடும். மூன்றாவது ஆள் ஒருவரை நடுவில் வைத்துச் சிரட்டையால் 12 அட்சரத்தையும் சமனாகத் தட்டவிடுங்கள். இரு குழுவும் ஒவ்வொரு அட்சரத்தையும் அந்தத் தட்டோடு சொல்லவேண்டும், 'த'வை மட்டும் அழுத்தவேண்டும். சேர்ந்து முடியும் தடவை வகுப்பே கூவும்.

எழுத்துக்கு

சொல்வதெழுதுதலில் பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது குறிலிலும் நெடிலிலும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பதைப் பாடமாக்க முன்னம் கையில் பழக்கலாம். குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டிவிட்டு உள்ளங்கையை மறு கையின் மேல் முழங்கைவரை இழுப்பது. பல் – பால், விடு – வீடு, படம் – பாடம், கொடு – கோடு, குடை – கூடை. கடைசிச் சோடியில் 'டை' சுருங்கித்தான் ஒலிக்கும், அதை இழுக்கப் பழக்காதீர்கள். இரட்டித்த மெய்க்குக் கையை ஒருகணம் இறுக்கி மூடச் சொல்லுங்கள்: எடு – எட்டு, படு – பட்டு. ஒரு நாளைக்கு ஐந்து சோடிக்கு மேல் வேண்டாம். நீங்கள் வாயைத் திறக்காமல் தட்டி மட்டும் காட்டி, சோடியில் எந்தச் சொல் என்று கேட்பது அடுத்த படி.

கோலாட்டம்

கும்மி நாலு வயதில் தொடங்கலாம். கோலாட்டம் ஆறு வயதுக்குப் பிறகு, அதுவும் முதல் இரண்டு கிழமை கடதாசிக் கோலோடு. பத்திரிகைத் தாள் ஐந்தாறை இறுக்கிச் சுருட்டி ரேப் சுற்றுங்கள். நீளம் அந்தப் பிள்ளையின் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை. பிறகு பூவரசந்தடி, பெருவிரல் மொத்தம், பட்டை சீவிக் காயவைத்து, அரத்தாளால் தேய்த்து, முனை மழுக்கியது.

உள்வட்டம், வெளிவட்டம் என்று இரண்டாகப் பிரிந்து, சோடி சோடியாக முகம் பார்த்து நிற்கட்டும். எட்டு அடி இப்படிப் போகும். ஒன்று, தன் கோல் இரண்டையும் முழங்கால் உயரத்தில் தட்டுவது, இரண்டு, நெஞ்சு உயரத்தில், மூன்று, எதிராளின் வலக்கோலில் தன் வலக்கோல், நாலு, தன்னுடையவை, ஐந்து, இடக்கோலில் இடக்கோல், ஆறு, தன்னுடையவை, ஏழு, இரண்டும் இரண்டிலும், எட்டு, சத்தமில்லை, வெளிவட்டம் மட்டும் ஓரடி வலப்பக்கம் நகர்ந்து அடுத்தவருக்கு முன்னால். உள்வட்டம் அசையாது. ஆள் தொகை இரட்டையாக இருக்கவேண்டும், ஒற்றையானால் நீங்கள் உள்ளே போங்கள். இப்படி நகர்ந்தால் ஒருவரோடொருவர் கதைக்காத பிள்ளைகளும் பத்து நிமிடத்துக்குள் முகத்துக்கு முகம் நின்றிருப்பார்கள், யாரும் சோடி தேடத் தேவையில்லை. சோடியைப் பிள்ளைகளே தெரிவுசெய்ய விட்டால் ஒவ்வொரு தடவையும் அதே ஒருவர் மிஞ்சுவார்.

விரலில் அடி விழுந்தால் காரணம் பிடி. கோலை நடுவில் பிடிக்கிறார்கள். அடிமுனையிலிருந்து ஒரு பிடி தள்ளிப் பிடித்து, மேல்முனைப் பக்கத்தால் மட்டும் தட்டவேண்டும். வலம் இடம் குழம்பினால் வலக்கை மணிக்கட்டில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். முன்னால் நின்று காட்டும் நீங்கள் கண்ணாடிபோல எதிர்க்கையைப் பாவியுங்கள், அல்லது "வாசல் பக்கக் கை", "சுவர்ப் பக்கக் கை" என்று சொல்லுங்கள்.

வாத்தியங்கள்

முதல் மூன்று கிழமைக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். கையில் பொருள் வந்ததும் காது போய்விடும். பிறகு சிரட்டைச் சோடி, விளிம்பை அரத்தாளால் தேய்த்தது. இதுதான் மிகச் சிறந்தது: தட்டிய கணமே சத்தம் வரும். போத்தலுக்குள் பயறோ நெல்லோ போட்ட கிலுக்கு அப்படியல்ல, கை போனபிறகுதான் உள்ளே இருப்பது போய் மோதும், அதனால் சின்னப் பிள்ளை அதை வைத்துத் தாளம் பிடிக்கத் திண்டாடும். கிலுக்கைச் சிலை விளையாட்டில் 'மழை' சத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 500 மில்லிலீற்றர் போத்தலுக்கு இரண்டு மேசைக்கரண்டி காணும், கூடினால் சத்தம் மந்தமாகும். மூடியை ஒட்டி மேலே ரேப் சுற்றுங்கள். வடிவாக இருக்கிறதே என்று குன்றிமணி போடவே கூடாது. அதன் பருப்பு கடும் நஞ்சு, உடைத்து விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. பிஸ்கற் ரின்னைப் பறையாக்கினால் உள்ளே பழந்துணி ஒட்டுங்கள், மூடிய அறையில் அதன் சத்தம் காதைக் குத்தும்.

ஒதுங்கும் பிள்ளை

திருவிழாவில் தவில் உச்சத்துக்குப் போகையில் காதைப் பொத்தி அழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் தூரத்தில் இருத்திவிட்டு, தொடங்கவும் நிறுத்தவும் கைகாட்டும் வேலையை அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள். சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போகும். காது கேளாத பிள்ளைக்கு ஊதிய பலூனை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கக் கொடுத்துப் பக்கத்தில் ரின்னைத் தட்டுங்கள், அதிர்வு கையில் தெரியும். சக்கரக் கதிரையில் இருக்கும் பிள்ளைக்கு எல்லா அடியும் தொடையிலும் கதிரைக் கையிலும். அந்தச் சுற்றில் மற்றவர்களும் இருந்தே செய்யட்டும்.

வாசலில் நின்று பார்க்கும் பிள்ளையை இழுக்காதீர்கள். சில பிள்ளைகள் பல நாள் பார்த்துவிட்டு ஒருநாள் வந்து முழுவதையும் பிழையில்லாமல் செய்வார்கள். வந்து சேர்ந்தால் தாளம் அவர்களை மற்றவர்களோடு நெருக்கமாக்கும். ஜேர்மனியில் செய்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சேர்ந்து பாடி ஆடி விளையாடிய நாலு வயதுச் சோடிகள், அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடிய சோடிகளைவிடப் பிறகு ஒருவருக்கொருவர் கூட உதவினார்கள். கனடாவில் 14 மாதக் குழந்தைகளை வைத்து 2014இல் வெளிவந்த ஆய்வும் இதே பக்கம்தான் காட்டுகிறது: தன்னோடு ஒரே தாளத்தில் அசைந்தவர் பொருளைத் தவறவிட்டபோது குழந்தைகள் கூடுதலாக எடுத்துக் கொடுத்தன.

வீட்டிலும் இதைச் செய்யலாம், ஐந்து நிமிடம் போதும். கைக்குழந்தைக்குச் சப்பாணி கொட்டப் பழக்குகிற அம்மம்மா செய்வது இதுதான், குழந்தையின் கையைப் பிடித்து அதன் முகத்தைப் பார்த்துத் தட்டுவது. மூன்று வயதுக்குக் கீழே குழந்தை உங்கள் தாளத்துக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், நீங்கள்தான் அதன் தாளத்துக்குப் போகவேண்டும். நித்திரைக்கு முன் முதுகில் நிமிடத்துக்கு 60 தட்டு.

ஒரே வகுப்பை மூன்று கிழமை மாற்றாமல் செய்யுங்கள். உங்களுக்கு அலுக்கும், பிள்ளைகளுக்கு அலுக்காது. ஆண்டு விழாவுக்கு இதையும் போடச் சொல்லி அதிபர் கேட்டால், மேடையை விட்டுவிட்டு முற்றத்தில் கோலாட்ட வட்டம் போடுங்கள், உள்ளே பிள்ளைகள், வெளியே பெற்றோர், கையில் கடதாசிக் கோல். நாலு நிமிடம் காணும். எட்டாவது அடியில் எந்தப் பக்கம் நகர்வது என்று அப்பாமாருக்குப் பிள்ளைகள் சொல்லிக் கொடுப்பார்கள்.